மகளின் 9.1 மார்க்கும் அடகுக்குப் போகும் வீட்டுப் பத்திரமும்

கேள்வி: நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். நான் பெரம்பூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவருக்கு ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. மகள் சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை ஒரு அரியர்கூட இல்லை, சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி, பத்துக்கு 9.1. இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க இரண்டு கம்பெனிகள் வந்தன. இரண்டிலும் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்துவிட்டாள். என் அண்ணன் மகன் சென்னை ஐஐடியில் படிக்கிறான். அவனுக்கு 7.3தான், ஆனால் நல்ல இடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஹார்வர்டிலேயே பாதிக்கு மேல் ‘ஏ’ கிரேடுதான் போடுகிறார்கள் என்று செய்தியில் படித்தேன். அப்படியென்றால் மார்க்குக்கு இனி மதிப்பே இல்லையா? என் மகளின் 9.1 பொய்யா? கணவர், வீட்டுப் பத்திரத்தை வைத்து 60 லட்சம் கடன் வாங்கி, அமெரிக்காவில் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் 9.1 பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து செமஸ்டர், ஒரு அரியர் இல்லாமல், லேப் ரெக்கார்டு, இன்டர்னல், அசைன்மென்ட் என்று எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்த பெண் அவள். அந்த ஒழுங்கு பின்னால் எந்த வேலையிலும் கைகொடுக்கும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஒரு கம்பெனி அவளைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாத நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்பதும் உண்மைதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காகப் பல வருடங்கள் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் எடுத்தவன் நான். காலையில் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் தகுதியுள்ளவர்கள் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். 7-க்கு மேல் என்று கேட்டால் வகுப்பு முழுக்க வந்து நிற்கும். சரி, 8 என்று உயர்த்தினால் முக்கால் வகுப்பு வரும். 8.5 என்றாலும் ஹால் நிறைந்துதான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரி யார், பாடத்தை வரி மாறாமல் ஒப்பித்தவர் யார் என்று மார்க் பட்டியல் ஒரு வார்த்தை சொல்லாது. கூரை தாழ்ந்த வீட்டில் ஐந்தடி ஆளும் ஆறடி ஆளும் தலை குனிந்து ஒரே உயரமாகத்தான் தெரிவார்கள். மார்க் விஷயத்தில் நடந்திருப்பது அதுதான். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவள் வகுப்பில் 9-க்கு மேல் எத்தனை பேர் என்று. அந்த விடை உங்களுக்கு நிறையச் சொல்லும்.

இதற்கு யாரையாவது ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்த முடியுமா என்றால், முடியாது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் விடைத்தாள் திருத்தமும் கல்லூரியின் கையில் இருக்கின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். நம் ஊரில் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை 1978-லேயே இந்த உரிமையைப் பெற்றன. நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு அது. காலத்துக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் கல்லூரிக்கு வேண்டாமா? ஆனால் சொல்லிக்கொடுப்பவரே கேள்வி கேட்டு, அவரே திருத்தி, அவருடைய மாணவர்களின் தேர்ச்சி விகிதத்தை வைத்தே அவரும் மதிப்பிடப்படும்போது மார்க் எந்தப் பக்கம் சாயும்? அங்கீகாரம் தர வரும் குழு தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கிறது. கம்பெனி வாசலில் சிஜிபிஏ வரம்பு வைக்கிறது. செமஸ்டர் முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்கு ஃபீட்பேக் கொடுக்கிறார்கள். கண்டிப்பாகத் திருத்தினால் தன் பிள்ளைகள்தான் வேலை கிடைக்காமல் நிற்பார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியும். ஒவ்வொருவர் செய்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா நியாயமும் சேர்ந்து மார்க்கை மேலே தள்ளிக்கொண்டே போகிறது. நீங்களே விடைத்தாள் திருத்துகிறவர், இந்த நெருக்கடி உங்களுக்குப் புதிதாக இருக்காது.

உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. கணக்குப் போட்டால் அவள் 2021-ல் பத்தாம் வகுப்பு. அந்த வருடம் தமிழ்நாட்டில் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை; ‘தேர்ச்சி’ என்று மட்டும் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். நன்றாகப் படித்தவளுக்கும் ஏனோதானோ என்று இருந்தவனுக்கும் ஒரே சான்றிதழ். தன் நிலை என்ன என்பதை வெளியிலிருந்து ஒரு பரீட்சை சொல்வதற்கான முதல் வாய்ப்பையே அந்தப் பிள்ளைகள் இழந்தார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகும் கூட்டம் உச்சியில்தான். 2025 பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசையில் 200-க்கு 200 கட்-ஆஃப் வைத்திருந்தவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில 2021-ல் 100 சதவீதம் கட்-ஆஃப் அறிவித்தன. அடுத்த வருடமே அங்கே மார்க்கை விட்டுவிட்டுப் பொது நுழைவுத்தேர்வுக்கு மாறினார்கள்.

இப்போது ஹார்வர்டு. நீங்கள் படித்த செய்தி சரிதான். 2025 அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கல்விக்குப் பொறுப்பான டீன் அமாண்டா கிளேபோ ஓர் அறிக்கை வெளியிட்டார். இளநிலை மாணவர்கள் வாங்கும் கிரேடுகளில் சுமார் 60 சதவீதம் ‘ஏ’. இருபது வருடங்களுக்கு முன் அது ஏறக்குறைய கால் பங்கு. கிரேடு தன் வேலையைச் செய்யவில்லை என்பதை அந்த அறிக்கை மறைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்திலும் 2022–23 கல்வியாண்டில் கொடுத்த கிரேடுகளில் சுமார் 79 சதவீதம் ‘ஏ’ அல்லது ‘ஏ மைனஸ்’. இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பட்டம் வாங்கியவர்கள் 2010–11-ல் சுமார் 16 சதவீதம், பத்து வருடம் கழித்து சுமார் 37 சதவீதம். கொரோனா காலத் தளர்வும் அதில் சேர்ந்திருக்கிறது, ஆனால் ஏற்றம் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

இதைக் குறைக்க முயன்றவர்கள் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-ல் தைரியமாக ஒரு முடிவு எடுத்தது. ஒவ்வொரு துறையிலும் ‘ஏ’ வகைக் கிரேடு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. மற்ற பல்கலைக்கழகங்கள் எதுவும் பின்னால் வரவில்லை. ஹார்வர்டு, யேல் மாணவர்களோடு வேலைக்கும் மேல்படிப்புக்கும் போட்டி போடும்போது நாங்கள் மட்டும் குறைந்த கிரேடோடு நிற்கிறோம் என்று மாணவர்கள் வருந்தினார்கள். 2014-ல் அந்த விதியைக் கைவிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு பாடத்திலும் நடுவாந்தர மாணவர் வாங்கிய கிரேடு என்ன என்று 1990-களின் இறுதியில் இணையத்தில் போட ஆரம்பித்தது. மாணவர்கள் அதைப் பார்த்து, எந்தப் பாடத்தில் கிரேடு எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2011-ல் அதையும் நிறுத்தினார்கள். அவ்வளவு பணமும் பெயரும் உள்ள இடங்களே தனியாக நின்று இதைச் சரி செய்ய முடியவில்லை என்றால், உங்கள் மகளின் கல்லூரி மட்டும் நாளையே கண்டிப்பாகத் திருத்த ஆரம்பித்தால் என்ன ஆகும்? அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் கம்பெனி வாசலில் 7.5-ஓடு நின்று திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். அதனால் கல்லூரி மேல் கோபப்பட வேண்டாம்.

அப்படியென்றால் ஹார்வர்டு பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது இதுதான். எல்லாருக்கும் ஒரே மார்க் என்று ஆகிவிட்டால் ஆள் எடுப்பவர் வேறு ஏதாவது ஓர் அடையாளத்தைத் தேடுவார். கண்ணுக்கு எளிதாகத் தெரியும் அடையாளம் கல்லூரியின் பெயர். மார்க் செய்து வந்த வேலையைப் பெயர் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே மார்க் ஏற ஏற, பெயர் பெற்ற இடங்களின் பெயருக்கு மதிப்பு கூடுகிறது. நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். பெயரில்லாத கல்லூரியில் உண்மையாகவே முதல் இடத்தில் இருக்கும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். முன்பெல்லாம் ஒரு சாதாரணக் கல்லூரியில் படித்த பெண் பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடித்தால், அந்த ஒரு தாளைக் காட்டி எந்தக் கதவையும் தட்டலாம். இன்று அவளுடைய 9.6-க்குப் பக்கத்தில் இன்னும் இருபது பேர் 9.4-ஓடு நிற்கிறார்கள். தாராளமாக மார்க் போடுவது ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த உதவி கடைசியில் போய்ச் சேருவது ஐஐடி, ஐஐஎம் என்ற பெயர் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்குத்தான்.

உங்கள் அண்ணன் மகன் விஷயம் இங்கேதான் வருகிறது. அவனுடைய 7.3-ஐயும் உங்கள் மகளின் 9.1-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. சென்னை ஐஐடியில் ‘எஸ்’ கிரேடுக்கு 10 புள்ளி, ‘ஏ’-க்கு 9, ‘பி’-க்கு 8 என்று இறங்கும். வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பார்த்துத்தான் பேராசிரியர்கள் கிரேடு பிரிப்பது வழக்கம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஜேஇஇ நுழைவுத்தேர்வைத் தாண்டி வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் 7.3 கௌரவமான மார்க். அது ஒரு பக்கம். இன்டர்ன்ஷிப்புக்கு அவனை முதலில் உள்ளே விட்டது 7.3 இல்லை, ஐஐடி என்ற பெயர். அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? 17, 18 வயதில் மிகக் கடினமான ஒரு பரீட்சையில் அவன் லட்சக்கணக்கானவர்களைத் தாண்டினான் என்பதைச் சொல்கிறது. அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் என்ன கற்றான் என்பதைச் சொல்லாது. அதை அவனும் இன்டர்ன்ஷிப்பில் உட்கார்ந்துதான் நிரூபிக்க வேண்டும். பையனைக் குறைத்துச் சொல்லவில்லை, அவன் உழைத்துத்தான் போயிருக்கிறான். ஆனால் அவன் பெயரை உங்கள் மகள் காதுபட ஒப்பிட்டுப் பேசாதீர்கள். மாமா வீட்டுப் பையனோடு ஒப்பிடப்பட்டே வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளை இன்டர்வியூவில் பார்த்திருக்கிறேன். தெரிந்த பதிலைச் சொல்லவே அவர்களுக்கு வாய் வராது.

சரி, அவள் முதல் ரவுண்டில் ஏன் நின்றாள்? எனக்குத் தெரிந்தவரை காரணம் இதுவாகத்தான் இருக்கும். அந்த ரவுண்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, இதுவரை பார்த்திராத இரண்டு மூன்று கணக்குகளைக் கொடுத்து, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்தில் புரோகிராம் எழுதச் சொல்வார்கள். எழுதியதை, நமக்குக் காட்டாத பல உள்ளீடுகளை வைத்து மெஷினே சோதிக்கும். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தால்தான் முழு மார்க். கல்லூரி லேப் தேர்வோ பெரும்பாலும் வேறு மாதிரி. பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள் முன்கூட்டியே தெரியும், ரெக்கார்டில் எழுதியாகிவிட்டது, அவற்றில் ஒன்று சீட்டில் வரும். உங்கள் மொழியில் சொன்னால், புக்-பேக் கணக்கிலேயே சென்டம் வாங்கிய பிள்ளையிடம் திடீரென்று புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்தது போல. கணக்கு வராது என்று அதற்கு அர்த்தமில்லை. புதுக் கணக்கோடு மல்லுக்கட்டிப் பழக்கமில்லை. கணக்கு ஆசிரியையாக உங்களுக்குத் தெரியும், பழகினால் வரக்கூடிய விஷயம் இது. பழகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

இனி வீட்டுப் பத்திரம். இதில் என் கருத்து உறுதியானது: வைக்காதீர்கள்.

உங்கள் கணவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிகிறது. பெயர்தான் முக்கியம் என்றால் பெரிய பெயராகவே வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று நினைக்கிறார். தகப்பனாருக்குத் தோன்றக்கூடியதுதான். ஆனால் பெயருக்கு எவ்வளவு விலை தகும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போகாமல் சாதாரணக் கல்லூரியில் படித்த மாணவர்களையும், அங்கேயே போய்ப் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் இரு தரப்பின் சம்பாத்தியத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் சம்பாதித்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பிந்தைய ஆய்வின்படி படிப்பு வாசனை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மட்டும் பெரிய பெயர் நன்றாகவே உதவியது. பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியின் குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. ஹார்வர்டு, யேல் வகைப் பல்கலைக்கழகங்களில் படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் மிக உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. ஆக பெயருக்கு மதிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாமே அமெரிக்காவிலேயே இளநிலைப் பட்டம் படித்தவர்களைப் பற்றியவை. கடன் வாங்கிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர் நிலைமை வேறு. உங்கள் மகளும் படிப்பு வாசனை இல்லாத வீட்டுப் பிள்ளை இல்லை, அவள் அம்மா ஆசிரியை.

எம்.எஸ். பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இளநிலைச் சேர்க்கைக்கு இருக்கும் கடுமையான போட்டி, கட்டணம் கட்டிப் படிக்கும் எம்.எஸ். வகுப்புகளுக்கு இருப்பதில்லை. பெயர் ஒன்றுதான், வாசல் வேறு. ஆள் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதுநிலையில் கிரேடும் இன்னும் நெருக்கமாக இருக்கும்: சராசரி, நாலு புள்ளியில் மூன்றுக்குக் கீழே போனாலே பெரும்பாலான இடங்களில் எச்சரிக்கை வந்துவிடும் என்பதால், ஏறக்குறைய எல்லாரும் ‘ஏ’-யும் ‘பி’-யுமாகத்தான் வெளியே வருவார்கள். அதாவது எந்தப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க நினைக்கிறீர்களோ, அதே பிரச்சினை அங்கேயும் காத்திருக்கிறது, டாலர் கணக்கில்.

கடன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 60 லட்சம், 10.5 சதவீதம் வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 81,000 ரூபாய். படிக்கும் இரண்டு வருடத்து வட்டியைச் சேர்க்காமலே மொத்தம் திருப்பிக் கட்டுவது 97 லட்சம். அங்கே வேலை கிடைத்துவிட்டால் இந்தத் தொகை பெரிதில்லை என்று கணவர் சொல்வார். கிடைத்தால் உண்மைதான். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம், கம்ப்யூட்டர் போன்ற துறைகளுக்கு மேற்கொண்டு இரண்டு வருடம் அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 85,000 என்ற உச்சவரம்பு, குலுக்கல் முறை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து எடுக்கப்படும் புதிய எச்-1பி ஊழியர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த அரசு அறிவித்ததும் நினைவிருக்கும். ஒருவேளை அவள் சென்னைக்குத் திரும்பி வந்து, சாதாரண மென்பொருள் நிறுவனத்தில் வருடத்துக்கு மூன்றரை, நாலு லட்சம் சம்பளத்தில் சேர வேண்டி வந்தால், மாதம் 81,000-ஐ யார் கட்டுவது? கணவரின் ஓய்வூதியமும் உங்கள் சம்பளமும்தான். கட்ட முடியாமல் போனால் கொளத்தூர் வீடு. இருபத்துநாலு வயதுப் பெண் அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எந்த வேலையையும் தைரியமாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

பெயரே வேண்டும் என்றால் பத்திரம் வைக்காமல் கிடைக்கும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பொறியியல் மேல்படிப்புக்கான ‘கேட்’ நுழைவுத்தேர்வைச் சொல்கிறேன். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். யார் எந்தக் கல்லூரி என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் மகன் எழுதினாலும் அதே கேள்விகள்தான். நல்ல மதிப்பெண் வந்தால் ஐஐடி, என்ஐடிகளில் எம்.டெக். சேரலாம், அங்கே படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும்.

சேர்கிறாளோ இல்லையோ, அந்தத் தாளை வைத்து உடனே ஒரு காரியம் செய்யலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பழைய கேட் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை வாங்கி வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். தயாராகாமல் எழுதினால் மார்க் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, இது முக்கியம். எந்தப் பகுதியில் போனது என்பதுதான் நமக்கு வேண்டும். ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்’ பாடத்தில் கல்லூரியில் உச்சமான ‘ஓ’ கிரேடு வாங்கியிருப்பாள். தாளில் அந்தப் பகுதியே காலி என்றால், 9.1-ல் எந்த இடம் கெட்டி, எந்த இடம் மெலிவு என்பது அன்று மதியமே தெரிந்துவிடும். பிறகு தினமும் இரண்டு புதுக் கணக்குகள் என்று பழக ஆரம்பிக்கலாம். விடையைப் பார்ப்பதற்கு முன் குறைந்தது முக்கால் மணி நேரமாவது தானே முட்டிப் பார்க்க வேண்டும். எப்படி முட்ட வைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதோடு என்பிடெல் என்ற இணையவழிப் படிப்பு ஒன்றோ இரண்டோ எடுக்கட்டும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, ஐஐடிப் பேராசிரியர்களே பாடம் எடுக்கிறார்கள். பாடம் இலவசம், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய், கண்காணிப்பில் எழுத வேண்டும். சென்னையில் மையங்கள் உண்டு. அந்தச் சான்றிதழின் நல்ல பகுதி அந்த மேற்பார்வைத் தேர்வுதான். வீட்டில் உட்கார்ந்து வீடியோ ஓடவிட்டு வாங்கும் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது நான்காம் வருட ப்ராஜெக்ட். தயவுசெய்து ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்க விடாதீர்கள், வகுப்பே வாங்கினாலும் சரி. ஒருமுறை இன்டர்வியூவில் ஒரு பையன் வந்தான், மார்க் 8-ஐ ஒட்டி. அவன் ஊர் பால் சங்கத்தில் தினசரிக் கணக்கு நோட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். புரோகிராம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் ஒரே உறுப்பினர் ஒரே வேளையில் இரண்டு முறை பால் ஊற்றினால் கணக்கு எப்படித் தப்பாகப் போனது, அதைக் கண்டுபிடிக்க எப்படித் திண்டாடினான், கடைசியில் என்ன மாற்றினான் என்று பதினைந்து நிமிடம் பேசினான். நான் அவனிடம் சிஜிபிஏ கேட்கவே இல்லை. உங்கள் பள்ளியிலேயே வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, நூலகம் என்று இன்னும் கையால் எழுதும் நோட்டுகள் எத்தனை இருக்கின்றன? தலைமையாசிரியரிடம் கேட்டு, அதில் ஒன்றை அவள் செய்து பார்க்கட்டும். அவள் எழுதியதை வேறு யாரோ தினமும் பயன்படுத்தி, குறை சொல்லி, அவள் திருத்தினால், அந்த அனுபவத்தைப் பற்றி அவளால் எந்தக் கம்பெனியிலும் பேச முடியும்.

பரிந்துரைக் கடிதம் வாங்கும்போதும் ஒரு சின்ன விஷயம். ‘நல்ல மாணவி, கடின உழைப்பாளி’ என்று எல்லாருக்கும் எழுதுவதை எழுத வேண்டாம் என்று ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கலாம். அந்த வகுப்பில் அவள் எந்த இடத்தில் இருக்கிறாள், முதல் ஐந்து பேருக்குள்ளா என்று எழுதச் சொல்லுங்கள். டார்ட்மவுத் கல்லூரி 1990-களிலிருந்தே மாணவரின் கிரேடுக்குப் பக்கத்தில் அந்த வகுப்பின் நடுவாந்தரக் கிரேடையும் மார்க் பட்டியலிலேயே போடுகிறது. நம் கல்லூரிகளும் அப்படிச் செய்தால் உங்கள் மகள் போன்றவர்களுக்கு எவ்வளவு நியாயமாக இருக்கும். நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம் அது.

வீட்டில் இடைஞ்சலாக இருந்தால் உங்கள் கொளத்தூரிலேயே 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, அமைதியாக உட்கார்ந்து படிக்கலாம். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். கேட், யுபிஎஸ்சி என்று படிக்கும் பிள்ளைகள் நடுவில் உட்காரும்போது தானாகவே ஒரு வேகம் வரும்.

உங்கள் கடிதத்தில் உங்கள் கவலை இருக்கிறது, கணவரின் திட்டம் இருக்கிறது, அண்ணன் மகன்கூட இருக்கிறான். மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அமெரிக்கா போக அவளுக்கு ஆசையா? கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் பிடிக்கும்? வேலைக்குப் போக வேண்டுமா, இன்னும் படிக்க வேண்டுமா? அவளே ஆசைப்பட்டு, ஒரு குறிப்பிட்ட துறையில், கட்டணத்தைக் கழித்து உதவித்தொகையும் தரும் இடத்துக்குப் போகிறாள் என்றால் நானே வழியனுப்ப வருவேன். அல்லது இங்கே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் சேமிப்போடு, தான் கட்டக்கூடிய அளவு கடனில் போனாலும் சரி. அப்போது எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். கணவரிடமும் இதைப் பேசுங்கள். என் பெயரைச் சொல்லிச் சண்டை வேண்டாம், அந்த 81,000 கணக்கைத் தாளில் எழுதி முன்னால் வைத்தால் போதும்.

பிளேஸ்மென்ட் சீசன் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை அவள் எழுதி முடித்ததும், எந்தெந்தப் பகுதியில் எத்தனை கேள்வி சரி, எதைத் தொடவே இல்லை என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம், முதல் மாதம் என்ன செய்யலாம் என்று அவளுக்கே விவரமாகப் பதில் எழுதுகிறேன்.